சாலை விபத்து இழப்பீடு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக உட்காருகிறேன். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் விபத்தில் அடிபட்டவர்கள், அல்லது விபத்தில் ஒருவரை இழந்த குடும்பத்தினர். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான்: 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், அதற்கு 2019-ல் வந்த திருத்தம். நடைமுறை பற்றிச் சொல்வது தமிழ்நாட்டுக்கு.

ஆளை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம். இப்ப முதல்ல என்ன பண்ணணும்?

சிகிச்சை நடக்கட்டும். கூட இருப்பவர்களில் ஒருவர் மட்டும் ஒரு காகிதத்தைக் கவனிக்க வேண்டும்: ஆஸ்பத்திரியில் போடும் விபத்துப் பதிவேடு. ஏ.ஆர். காப்பி என்பார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் டியூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு இரண்டு வரி எழுதுவார். பதற்றத்தில் இருக்கும் மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ "பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுவார். டாக்டரும் அதையே எழுதிவிடுவார். பின்னால் வந்து இடித்த லாரி அந்த இரண்டு வரியில் இருக்காது. இரண்டு வருஷம் கழித்து இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தாளைத்தான்.

அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி எப்படி மோதியது, நம்பர் தெரிந்தால் நம்பர். பார்க்காதவர் ஊகித்துச் சொல்லக் கூடாது; "நான் பார்க்கவில்லை, மோதியதாகச் சொன்னார்கள்" என்பதே போதும். வண்டியை வொர்க் ஷாப்பில் விடுவதற்கு முன் நாலா பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த இடத்துக்கு எதிரில் கடை இருந்தால் சிசிடிவி பதிவை உடனே கேட்டு வாங்குங்கள். பல கடைகளில் சில நாட்களிலேயே பழைய பதிவு அழிந்துவிடும்.

ஆஸ்பத்திரிக்குக் கட்டவே கையில காசில்லை. அதுக்கு ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்ட யாருக்கும், வெளிமாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். மத்திய அரசும் 2025 மே மாதத்தில் ஒரு திட்டத்தை அறிவித்தது. விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்கு, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை என்பது அதன் அளவு.

இவை இரண்டும் சிகிச்சைக்கானவை. இதில் சேர்ந்ததால் இழப்பீட்டு வழக்குப் போடும் உரிமை போய்விடாது. ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும்போதே "இது சாலை விபத்து, திட்டத்தில் சேருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் முன்பணம் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். போட மாட்டேங்கிறாங்க. பத்து நாள் ஆயிடுச்சு, இனிமே போட்டா செல்லுமா?

செல்லும். அடிபட்டவரைக் காப்பாற்றுவதுதான் குடும்பத்தின் முதல் கவலையாக இருக்கும் என்பதை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டு, எஃப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கைத் தள்ளக் கூடாது என்று 2011-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதம் ஏன் என்பதைப் புகாரிலேயே எழுத வேண்டும்: இத்தனை நாள் ஐ.சி.யு.வில் இருந்தார், கூட இருக்க வேறு ஆள் இல்லை, இப்படி.

"எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். மறுத்தால் புகாரை எழுத்தில் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம்.

இடிச்சவரு நல்ல மனுஷன். செலவு மொத்தமும் நானே பாத்துக்கறேன், கேஸ் மட்டும் வேணாம்கிறாரு. ஒத்துக்கலாமா?

அவர் நல்லவராகவே இருக்கட்டும். முதல் ஆபரேஷன் பில்லைப் பார்த்த பிறகும் அதே வார்த்தையில் நிற்பாரா என்பதுதான் கேள்வி. காலில் கம்பி வைத்தால் ஒன்றரை வருஷம் கழித்து எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவை யாரும் ஸ்டேஷன் வாசலில் கணக்குப் போடுவதில்லை.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இழப்பீட்டைக் கொடுக்கப் போவது கம்பெனிதான், அவர் பாக்கெட் இல்லை. இதை அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். பாதிப் பேர் கேஸ் என்றதும் ஜெயில் என்று பயந்துதான் சமரசத்துக்கு வருகிறார்கள். சிராய்ப்பு, வீக்கம் மட்டும் என்றால் உங்கள் இஷ்டம். எலும்பு முறிவு, தலைக்காயம், உள்காயம் என்றால் எந்த வெள்ளைத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேஸை எங்க போடணும்? விபத்து செங்கல்பட்டு பக்கம், நாங்க இருக்கறது திருநெல்வேலி.

திருநெல்வேலியிலேயே போடலாம். சட்டத்தின் 166-ஆம் பிரிவு மூன்று வாய்ப்புத் தருகிறது: விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பினர் இருக்கும் இடம். ஓசூர்க்காரர் பெங்களூரில் அடிபட்டாலும் இங்கேயே போடலாம்.

வழக்கை விசாரிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்திலும், மாவட்டங்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களிலும் தனிச் சிறப்பு நீதிமன்றங்களிலும் இயங்குகிறது. வழக்கு எண்ணுக்கு முன்னால் எம்.சி.ஓ.பி. என்று இருக்கும். பொதுவாக வண்டியின் உரிமையாளரையும் இன்சூரன்ஸ் கம்பெனியையும் எதிர்மனுதாரர்களாகக் காட்டுவார்கள். டிரைவர் மேல் போலீஸ் நடத்தும் கிரிமினல் வழக்கு தனி. அதில் அவர் விடுதலை ஆனாலும் உங்கள் இழப்பீட்டு வழக்கு தானாக விழுந்துவிடாது. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை; எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள்.

எத்தனை நாளுக்குள்ள போடணும்? சிகிச்சை முடியட்டும்னு காத்திருக்கோம்.

காத்திருக்காதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் கெடுவே கிடையாது என்பதால், "எப்ப வேணாலும் போடலாம்" என்ற பழைய பேச்சு இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. முடிவு வரும்வரை ஆறு மாதக் கெடுவைக் காட்டி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. ஏற்கெனவே கெடு தாண்டியவர்களுக்கு அது ஆறுதல். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறதென்றால் அதை நம்பி உட்காராமல் மனுவைப் போட்டுவிடுங்கள். சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலும் போடலாம். பின்னால் வரும் பில்களை விசாரணையின்போது சேர்க்கலாம்.

என்னென்ன பேப்பர் வேணும்?

போலீஸ் தரப்பில்: எஃப்.ஐ.ஆர்., இடத்தின் வரைபடம், பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுவது), மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை, இடித்த வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், டிரைவரின் லைசென்ஸ் நகல்கள். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் விபத்து வழக்கு ஆவணங்களைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. ஸ்டேஷனுக்கு அலைவதற்கு முன் அங்கே தேடிப் பாருங்கள். 2022 விதிகளின்படி போலீஸே 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். விசாரணை அதிகாரியிடம் இந்த அறிக்கையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவத் தரப்பில்: ஏ.ஆர். காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், எக்ஸ்ரே படங்கள், ஒரிஜினல் பில்கள். மருந்துக் கடை பில்லில் நோயாளி பெயரும் தேதியும் இருக்க வேண்டும். பெயரில்லாத துண்டுச் சீட்டைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தாலும் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். மரணம் என்றால் போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. இரண்டுக்கும் பொதுவாக வயதுக்கும் வருமானத்துக்கும் ஆதாரம்.

இறந்து போயிட்டாரு. எவ்வளவு கிடைக்கும்னு ஒரு கணக்கு சொல்லுங்க.

கணக்குக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா தீர்ப்பும், 2017 பிரணய் சேத்தி தீர்ப்பும்தான் அடிப்படை. ஒரு உதாரணம்: 32 வயது எலெக்ட்ரீஷியன், மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார், மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள். சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்ப்பார்கள்: 21,000. அவருடைய சொந்தச் செலவாக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. வருஷத்துக்கு 1,89,000. இதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், அதுதான் பெருக்குத் தொகை; 31 முதல் 35 வயதுக்கு அது 16. ஆக 30,24,000 ரூபாய்.

இதோடு மனைவி, குழந்தைகள், தாய் ஒவ்வொருவருக்கும் உறவை இழந்ததற்காக ஒரு தொகை. 2017-ல் 40,000 என்று வைத்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூட்டச் சொன்னார்கள். 2023-க்குப் பிறகு அது 48,400 என்று வந்தது. ஈமச்செலவு, சொத்திழப்பு என்று தலா 18,150. எல்லாம் சேர்த்து 32,53,900 ரூபாய்.

வயது கூடக் கூடப் பெருக்குத் தொகை குறையும்: 15 முதல் 25 வரை 18, 46 முதல் 50 வரை 13, 56 முதல் 60 வரை 9, 65-க்கு மேல் 5. நிரந்தர வேலையில் இருந்தவர் 40-க்குக் கீழ் என்றால் எதிர்கால உயர்வு 50 சதவீதம். எல்.ஐ.சி. பணம் வந்திருந்தால் அதை இதில் கழிக்க மாட்டார்கள். அது அவர் பிரீமியம் கட்டிச் சேர்த்த காசு.

உயிர் பிழைச்சாரு, ஆனா கால் சரியா வரலை. ஊனம் 30 சதவீதம்னு எழுதியிருக்காங்க. அதுக்கு எவ்வளவு?

இந்த இடத்தில்தான் பலர் லட்சக்கணக்கில் இழக்கிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இங்கே நடைமுறையில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்குவது. சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் 30 சதவீதத்துக்கு 1,50,000 ரூபாய். இன்னொன்று, அந்த ஊனத்தால் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போனது என்று பார்த்து மேலே சொன்ன பெருக்குக் கணக்கைப் போடுவது. 28 வயது பெயின்டர், மாதம் 15,000, வருமான இழப்பு 30 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால்: 21,000 பெருக்கல் 12, பெருக்கல் 17, அதில் 30 சதவீதம். 12,85,200 ரூபாய். உயிரோடு இருப்பவர் என்பதால் சொந்தச் செலவுக் கழிவு கிடையாது. ஒரே காலுக்கு இரண்டு விடை, எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

எந்தக் கணக்கு என்பதை முடிவு செய்வது டாக்டர் எழுதிய சதவீதம் மட்டும் இல்லை. 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: அவர் என்ன வேலை செய்தார், இப்போது அதைச் செய்ய முடிகிறதா, வேறு வேலைக்குப் போக முடியுமா என்று பார்க்க வேண்டும். ஏணியில் ஏற முடியாத பெயின்டருக்கும், உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கும் ஒரே கால் முறிவு ஒன்றல்ல. எனவே சாட்சி சொல்லும்போது "வலிக்குதுங்க" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் நிற்க முடியவில்லை, மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடுவதில்லை" என்று சொல்லுங்கள். மேஸ்திரி வந்து சாட்சி சொன்னால் இன்னும் நல்லது. வலி வேதனை, உதவியாள் செலவு, சத்துணவு, போக்குவரத்து, இனி தேவைப்படும் சிகிச்சை, இவற்றுக்குத் தனித்தனியே கேட்க வேண்டும்.

கூலி வேலைங்க. சம்பளச் சீட்டெல்லாம் கிடையாது. எதை வச்சு வருமானம் காட்டுறது?

சீட்டு இல்லை என்பதால் வருமானமே இல்லை என்று ஆகிவிடாது. 2008-ல் நடந்த ஒரு விபத்தில், எந்த ஆவணமும் இல்லாத காய்கறி வியாபாரிக்கே மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. விபத்து நடந்த ஆண்டுக்கு ஏற்ப இன்றைக்கு அது கூடும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை, வங்கிப் பாஸ்புக், கூகுள் பே வரவுகள், சங்க அடையாள அட்டை, வேலை கொடுத்தவரின் சாட்சியம் எல்லாம் உதவும்.

என் மனைவி வேலைக்குப் போகலை, வீட்டைத்தான் பாத்துக்கிட்டா. அவளுக்கு என்ன கணக்கு?

வீட்டில் "தான்" என்று நாம் சொல்கிறோம், நீதிமன்றம் சொல்லவில்லை. சமையல், பிள்ளைகள், முதியோர் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் பண மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லி, 2021-ல் எதிர்கால உயர்வையும் சேர்த்துக் கணக்கிடலாம் என்றது. மனுவில் அவர் என்னென்ன செய்தார் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். வீட்டிலேயே தையல், மாவு அரைத்துக் கொடுப்பது, மாடு வளர்ப்பது இருந்தால் அதையும் விடாதீர்கள். குழந்தைகளுக்கும் கணக்கு உண்டு. அவர்களின் வருமானத்தைத் திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்று 2025-ல் தீர்ப்பு வந்திருக்கிறது.

ஹெல்மெட் போடலை, லைசென்ஸும் இல்லை, வண்டியில மூணு பேர். கேஸ் நிக்குமா?

நிற்கும். இவை மூன்றும் தப்புதான், அபராதம் உண்டு. ஆனால் இழப்பீட்டைக் குறைக்க வேண்டுமென்றால் அந்தத் தப்பு விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்திருக்க வேண்டும். ஒழுங்காக ஓரத்தில் போன பைக்கைப் பின்னாலிருந்து கார் இடித்தால், மூன்று பேர் உட்கார்ந்திருந்ததால் கார் வந்து இடிக்கவில்லை. 2020-ல் உச்ச நீதிமன்றம் இதே அடிப்படையில்தான் தீர்ப்புச் சொன்னது. லைசென்ஸ் இல்லாததும் அப்படியே.

ஹெல்மெட் விஷயத்தில் காயம் எங்கே என்று பார்ப்பார்கள். தலைக்காயம் என்றால் ஒரு பங்கைக் கழிக்க வாய்ப்பு உண்டு. தொடை எலும்பு முறிந்ததற்கு ஹெல்மெட்டைக் காரணம் காட்டினால் உங்கள் வக்கீல் ஆட்சேபிக்க வேண்டும்.

நண்பன் வண்டியில பின்னாடி உக்காந்து போனேன். தப்பு அவன் மேலதான். நான் யார்கிட்ட கேக்குறது?

நண்பனின் பாலிசியைப் பாருங்கள். 'பேக்கேஜ்' பாலிசி (சொந்த வண்டிக்கும் சேர்த்து எடுப்பது) என்றால் பின்னால் உட்கார்ந்தவருக்கும் காப்பு உண்டு. மூன்றாம் நபருக்கு மட்டுமான பாலிசி என்றால் அந்த வண்டியிலேயே பின்னால் வந்தவரைக் கம்பெனி ஏற்காது. உரிமையாளரிடம்தான் கேட்க முடியும். எதிரே வந்த வண்டி மேலும் தப்பு இருந்தால் நிலைமை மாறும். இரண்டு டிரைவர்களின் தவறு சேர்ந்து நடந்த விபத்தில், பயணியாக இருந்தவர் யாராவது ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். பஸ்ஸும் லாரியும் மோதியதில் அடிபட்ட பயணிக்கும் இதே பதில்.

நானே ஓட்டி, பள்ளத்துல விட்டு விழுந்தேன். இன்சூரன்ஸ் வருமா?

தீர்ப்பாயத்தில் வராது. உங்கள் தவறுக்கு உங்களிடமே நீங்கள் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் சொந்த வண்டியை ஓட்டும் உரிமையாளருக்குக் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒன்று இருக்கிறது. 2018 முதல் அது 15 லட்சம் ரூபாய். மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் அந்தத் தொகை, ஒரு கை அல்லது ஒரு கண் போனால் அதில் பாதி. சாதாரண எலும்பு முறிவுக்குக் கிடையாது. இதற்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் அவசியம். பாலிசித் தாளில் இந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இடிச்ச வண்டி நிக்காம போயிடுச்சு. நம்பர் தெரியாது.

அடையாளம் தெரியாத வண்டி என்றால் அரசுத் திட்டம் ஒன்று: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன் இது 25,000-மும் 12,500-மும்தான். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. கோட்ட அளவிலான வருவாய்த்துறை அதிகாரியிடம் விண்ணப்பம் கொடுத்தால், அவர் விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவார். இப்படி ஒரு திட்டம் இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. ஸ்டேஷனில் சொல்லியிருக்க வேண்டியது, சொல்வதில்லை.

தேடுவதை மட்டும் விடாதீர்கள். சுங்கச்சாவடி கேமரா, பெட்ரோல் பங்க் கேமரா, உடைந்து கிடந்த கண்ணாடித் துண்டு என்று எதை வைத்தாவது வண்டி கிடைத்தால் முறையான வழக்குப் போடலாம். வாங்கிய தொகையை அப்போது கழித்துக்கொள்வார்கள்.

இடிச்ச வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை. டிரைவர்கிட்ட லைசென்ஸும் இல்லை.

இரண்டும் ஒன்றில்லை. பாலிசி இருந்து, டிரைவரிடம் லைசென்ஸ் மட்டும் இல்லையென்றால், பல வழக்குகளில் முதலில் கம்பெனி உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாகும். குடிபோதைக்கும் பெரும்பாலும் அப்படித்தான்.

பாலிசியே இல்லையென்றால் உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். அவரிடம் சொத்து இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். போலீஸ் பிடித்து வைத்த வண்டியை ஜாமீன் தொகை வாங்காமல் விட்டுவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் வழிகாட்டியிருக்கிறது. வண்டியை அவர் வெளியே எடுப்பதற்கு முன்பே உங்கள் வக்கீல் ஆட்சேபணை போட வேண்டும். வண்டி போய்விட்டால் அப்புறம் பிடிக்க முடியாது.

பைக்கை வித்து மூணு வருஷம் ஆச்சு. இப்ப எனக்கு கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கு!

ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. விற்ற ஒப்பந்தம், 29, 30-ஆம் எண் படிவத்தில் கையெழுத்து எல்லாம் உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையில்தான். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். ஆஜராகுங்கள், வாங்கியவரையும் வழக்கில் சேர்க்கச் சொல்லுங்கள், வண்டிக்கு அன்றைக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்று கண்டுபிடியுங்கள்.

இடிச்சது கவர்ன்மென்ட் பஸ். அவங்ககிட்ட எப்படி வாங்குறது?

அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து விலக்குப் பெறச் சட்டத்தில் இடம் உண்டு, கழகமே நேரடியாக இழப்பீடு கொடுக்க வேண்டும். தீர்ப்பு வாங்குவதில் சிக்கல் குறைவு. பணம் வருவதில்தான் தாமதம். கொடுக்காவிட்டால் நிறைவேற்று மனுப் போட்டு, நீதிமன்ற ஊழியர் பஸ் நிலையத்துக்கே போய் பஸ்ஸை ஜப்தி செய்வதைச் செய்தித்தாளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ஒரு விதவை தன் பிள்ளைகளின் பணத்துக்காக அந்த நிலைவரை போக வேண்டியிருப்பது நியாயமே இல்லை. ஆனால் வழி இருக்கிறது. தீர்ப்பு நகலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியிலேயே ஒருத்தர் வந்து, கேஸை நாங்க பாத்துக்கறோம், வர்றதுல 30 சதவீதம் குடுங்கன்னாரு.

வேண்டாம். வக்கீல்கள் வழக்கின் பலனில் பங்கு கேட்பதை இந்திய பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. வார்டுக்கு வரும் அந்த ஆள் பெரும்பாலும் வக்கீலும் இல்லை, தரகர். வெற்று வக்காலத்தில் (வக்கீலுக்கு அதிகாரம் தரும் படிவம்) கையெழுத்து வாங்கிப் போய், எந்த ஊரில் வழக்குப் போட்டார் என்றே குடும்பத்துக்குத் தெரியாமல் போன சம்பவங்கள் இருக்கின்றன. சிலர் விபத்தில் சம்பந்தமே இல்லாத இன்சூரன்ஸ் உள்ள வண்டியைச் சேர்க்கச் சொல்வார்கள். அது மோசடி, கிரிமினல் வழக்கில் நீங்களும் மாட்டுவீர்கள்.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். தனி வக்கீல் வைத்தால் ஃபீஸ் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து எழுதி வாங்கிட்டுப் போனாரு. லோக் அதாலத்துல முடிச்சுக்கலாம்கிறாங்க. சரியா?

வந்தவர் கம்பெனியின் புலனாய்வாளர். பொய் சொல்லாதீர்கள், ஆனால் படிக்காமல் கையெழுத்தும் போடாதீர்கள். "வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பது உங்கள் உரிமை.

லோக் அதாலத் (பேசிச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) நல்ல வழிதான், பணம் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. மேலே சொன்ன கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுக்கொண்டு போங்கள். கம்பெனி சொல்வது அதிலிருந்து கொஞ்சம் குறைந்தால், வழக்கு இழுக்கும் வருஷங்களை நினைத்து ஒப்புக்கொள்ளலாம். பாதிக்கும் கீழே என்றால் எழுந்து வந்துவிடுங்கள், வழக்கு அப்படியே தொடரும். இன்னொரு எச்சரிக்கை: யார் தவறு என்று பார்க்காமல் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தரும் 164-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. அந்தத் தொகையைக் கம்பெனியிடம் ஏற்றுக்கொண்டால் 166-இன் கீழ் போட்ட பெரிய மனு அத்தோடு அற்றுப்போகும்.

டெலிவரி போகும்போது அடிபட்டேன். கம்பெனி மேலயும் கேஸ் போடலாமா?

வேலை நிமித்தமாக நடந்த விபத்துக்கு, முதலாளி மேல் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழும் (2025 நவம்பர் வரை இது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது) இழப்பீடு கேட்க வழி உண்டு. லாரி டிரைவர், கிளீனருக்கு இது முக்கியம், ஏனென்றால் அங்கே தங்கள் தவறே என்றாலும் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் இரண்டு இடத்திலும் வாங்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடித்தவர் தவறு தெளிவாக இருந்தால் தீர்ப்பாயத்தில் தொகை பொதுவாக அதிகம். டெலிவரி ஆப்களில் ஓட்டுகிறவர்களைத் "தொழிலாளி" என்று ஏற்க நிறுவனங்கள் மறுப்பதால், எதையும் போடுவதற்கு முன் வக்கீலிடம் கேளுங்கள்.

தீர்ப்பு வந்துடுச்சு. பணம் எப்ப கைக்கு வரும்? தொகை கம்மியா இருந்தா?

தீர்ப்பாயம் சொன்ன 30 நாளுக்குள் தொகையைச் செலுத்த வேண்டும். மனுப் போட்ட தேதியிலிருந்து வட்டி உண்டு, இங்கே 7.5 சதவீதம் என்று போடுவதுதான் வழக்கம். பணம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், வேறு யார் கணக்கு எண்ணையும் கொடுக்காதீர்கள். பிள்ளைகளின் பங்கு 18 வயது வரை வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கும். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ தேவைப்பட்டால் மனுப் போட்டு எடுக்கலாம்.

தொகை குறைவு என்று தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில், உங்கள் மாவட்டத்தைப் பொறுத்து சென்னையிலோ மதுரைக் கிளையிலோ அப்பீல் போடலாம். வித்தியாசத் தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவென்றால் அப்பீல் கிடையாது. கம்பெனி அப்பீல் போனாலும், டெபாசிட் ஆகியிருக்கும் தொகையில் ஒரு பகுதியை எடுக்க அனுமதி கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். அப்பீல் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.